'நச்சுப் பொருள் இல்லை' என்னும் லேபிளை எவ்வளவு நம்பலாம்?

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் இளம் தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. ஐந்து மாதக் குழந்தைக்காக வண்ணார்பேட்டையில் வாங்கிய லோஷனின் முகப்பில் 'பாராபென் இல்லை, சல்பேட் இல்லை, நச்சுப் பொருள் எதுவும் இல்லை' என்று அச்சிட்டிருக்கிறது. விலையோ சாதாரண லோஷனைப் போல இரண்டு மடங்கு. அந்த வாசகத்தை நம்பி அந்த விலையைக் கொடுக்கலாமா, அப்படி எழுதாதவை எல்லாம் கெடுதலானவையா என்று கேட்கிறார். ஆவணியில் தங்கையின் திருமணம் வருவதால், பார்லரில் 'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்று சொல்லிச் செய்யும் முடி நேராக்கலைப் பற்றியும், வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் மணப்பெண்ணுக்குக் கொடுத்த சிவப்பழகு க்ரீமைப் பற்றியும் கூடவே கேட்டிருக்கிறார்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். முகவரியும் உரிம எண்ணும் உள்ள உற்பத்தியாளரின் பொருளில் 'இல்லை' என்று எழுதப்பட்டவை பெரும்பாலும் உண்மையிலேயே இருக்காது. ஆனால் அந்த உண்மையால் குழந்தையின் தோலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. நீக்கப்பட்ட பொருளின் இடத்தில் எது சேர்க்கப்பட்டது என்பதை முகப்பு சொல்லாது, பின்புறத்து உட்பொருள் பட்டியல்தான் சொல்லும். மெய்யாகவே அஞ்ச வேண்டிய பாதரசத்தையும் ஈயத்தையும் பற்றி முகப்பு வாசகங்கள் அநேகமாகப் பேசுவதே இல்லை. அவை கலந்துவரும் பொருள்கள் பலவற்றில் ஒழுங்கான லேபிளே இருப்பதில்லை. நீங்கள் கேட்டிருக்கும் மூன்றில் எனக்குப் பெருங்கவலை தருவது அந்தக் க்ரீம். அடுத்தது பார்லர் சிகிச்சை. லோஷன் கடைசியில்தான் வருகிறது.

நம் நாட்டில் இந்தப் பொருள்களை 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும், அதன்கீழ் வெளியான 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள்கள் விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. தயாரிப்பவருக்கு மாநில உரிமம் வேண்டும். இறக்குமதி செய்வதற்கு மத்திய அரசின் பதிவு வேண்டும். எந்த நிறமிகளைச் சேர்க்கலாம், எவற்றைச் சேர்க்கவே கூடாது என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4707 என்னும் ஆவணம் வரையறுக்கிறது. வாங்குபவரைத் தவறாக எண்ணவைக்கும் கூற்று எதுவும் லேபிளில் இடம்பெறக் கூடாது என்றும் விதி இருக்கிறது. எனினும் 'நச்சற்றது', 'கெமிக்கல் இல்லாதது', 'இயற்கையானது' ஆகிய சொற்களுக்கு அந்த விதிகளில் வரையறை கிடையாது; முகப்பு வாசகம் ஒவ்வொன்றையும் அச்சிடுவதற்கு முன் சோதித்து ஒப்புதல் தரும் ஏற்பாடும் கிடையாது. ஆகவே 'எதுவும் இல்லை' என்பது உற்பத்தியாளர் தம் பொறுப்பில் சொல்லிக்கொள்வதே தவிர, அரசோ ஆய்வகமோ அளித்த சான்று என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த வாசகங்களில் ஒரு பகுதி, அந்தப் பொருளில் ஒருபோதும் இருக்க வாய்ப்பில்லாதவற்றைப் பற்றியது. சல்பேட் என்று சுருக்கமாகச் சொல்லப்படுபவை ஷாம்புவிலும் பற்பசையிலும் நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட், சோடியம் லாரெத் சல்பேட் போன்றவை. தேய்த்து அப்படியே விட்டுவிடும் லோஷனுக்கு நுரை எதற்கு? தேங்காய் எண்ணெய்ப் புட்டியில் 'பாராபென் இல்லை' என்று போடுவதும் இதே வகைதான். தண்ணீர் கலவாத எண்ணெயில் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை என்பதால், பாராபென் போன்ற, கெடாமல் காக்கும் பொருள் அதற்குத் தேவையே இல்லை. தென்காசிப் பக்கத்துச் செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் பாராபென் இருக்காது, கம்பெனி எண்ணெயிலும் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகை வாசகங்களைக் கட்டுப்படுத்தும் வழிகாட்டுதலை 2017-இல் வகுத்து, 2019 ஜூலை முதல் பின்பற்றுகிறது. அதன்படி, சட்டமே தடைசெய்த பொருளை 'இல்லை' என்று பெருமையாகச் சொல்லக் கூடாது. சட்டம் அனுமதித்த பொருளை 'இல்லை' என்று எழுதி, அதைச் சேர்ப்பவர்களின் பொருள் கெடுதலானது என்ற எண்ணத்தை விதைக்கவும் கூடாது. 'பாராபென் இல்லை' என்பதையே அந்த வழிகாட்டுதல் இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது.

பாராபெனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய 'இல்லை' வாசகங்களின் பெருக்கத்தில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. 2004-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுக் கட்டிகளிலிருந்து எடுத்த 20 திசு மாதிரிகளில் பாராபென் காணப்பட்டதாக எழுதினார்கள். புற்று இல்லாத திசுவோடு அந்த ஆய்வு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பாராபென்தான் புற்றை உண்டாக்கியது என்று அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை. செய்தியோ அப்படித்தான் பரவியது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொரு பாராபெனையும் தனித்தனியாக ஆராய்ந்து, போதிய தரவு இல்லாத ஐந்து வகைகளை 2014-இல் தடைசெய்தது. மெத்தில், எத்தில் வகைகளை 0.4 விழுக்காடு வரை அனுமதித்தது. புரொப்பில், பியூட்டில் வகைகளுக்கு 0.14 விழுக்காடு என்ற இறுக்கமான வரம்பை வைத்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரையாடை கட்டும் இடத்தில் பூசி, கழுவாமல் விடும் பொருள்களில் இந்தப் பின்னிரண்டும் கூடாது என்றும் சொன்னது. உங்கள் குழந்தைக்குப் பயன்படும் தகவல் இதுதான்: டயப்பர் பகுதிக்கு வாங்கும் க்ரீமின் பட்டியலில் புரொப்பில் பாராபென், பியூட்டில் பாராபென் என்னும் பெயர்களைத் தேடிப் பாருங்கள், மெத்தில் பாராபெனைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

பாராபெனைக் கைவிட்டவர்கள் அதற்குப் பதிலாக எதைச் சேர்த்தார்கள் என்பதுதான் வருத்தமான பகுதி. தண்ணீர் கலந்த லோஷனையோ ஷாம்புவையோ காப்புப் பொருள் ஏதுமின்றி மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக்கூடிய சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதில் வளரும். எனவே பல நிறுவனங்கள் மெத்தில் ஐசோதையசோலினோன் என்னும் பொருளுக்கு மாறின. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் தோல் மருத்துவமனைகளில் அதனால் ஒவ்வாமை கண்டவர்கள் அலையலையாக வந்தார்கள். அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2013-இல் அதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. பூசி விடும் பொருள்களில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் தடைசெய்தது. கழுவிவிடும் பொருள்களில் பத்து லட்சத்துக்கு 15 பங்கு என்று குறைத்தது. அதே மருத்துவர் சங்கம் 2019-இல், ஒவ்வாமை மிக அரிதாகவே உண்டாக்கும் பொருள் என்ற முறையில் பாராபென்களைத் தேர்ந்தெடுத்து, மருத்துவர்களுக்கும் மக்களுக்கும் அதை எடுத்துச்சொன்னது. ஓரளவு நன்கறிந்த ஒரு பொருளிலிருந்து அச்சத்தால் விலகியவர்கள், அதைவிடத் தொல்லை தரும் ஒன்றில் போய் விழுந்தார்கள். அந்தப் புட்டிகளிலும் 'பாராபென் இல்லை' என்ற வாசகம் முழு உண்மையாகவே இருந்தது.

பார்லரில் செய்யும் முடி நேராக்கலிலும் இதே கதை, இன்னும் கடுமையாக நடந்திருக்கிறது. கெரட்டின், ஸ்மூத்தனிங் என்று பலவாறு அழைக்கப்படும் இந்தச் சிகிச்சைகளில் முதலில் ஃபார்மால்டிஹைடு இருந்தது. அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்த பொருள். மக்கள் விழிப்படைந்த பிறகு 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்ற வாசகத்தோடு வந்த க்ரீம்கள் பலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அதைத் தலையில் பூசி, சூடான இரும்பால் இழுக்கும்போது, அந்த வெப்பத்தில் ஃபார்மால்டிஹைடு உருவாகலாம். 2024-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள்: மூன்று வெவ்வேறு ஆண்டுகளில், ஒவ்வொரு முறையும் முடி நேராக்கல் செய்துகொண்ட உடனே அவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் க்ரீமில் இருந்தது கிளையாக்சிலிக் அமிலம். அதே க்ரீமை எலிகளின் தோலில் பூசிப் பார்த்தபோது, அவற்றின் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தேங்கின. உங்கள் தங்கையிடம் நான் சொல்வது இதுதான்: தலையில் பூசப்போகும் டப்பாவைக் கையில் வாங்கிப் பட்டியலைப் படியுங்கள், கிளையாக்சிலிக் அமிலமோ, ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரைந்த வடிவமான மெத்திலீன் கிளைக்காலோ இருந்தால், அல்லது டப்பாவைக் காட்ட மறுத்தால், அந்தச் சிகிச்சை வேண்டாம். ஒரு நாள் அலங்காரத்துக்குச் சூடான இரும்பு மட்டுமே போதும்.

திருமண வீடு என்பதால் மருதாணியையும் சேர்த்துச் சொல்கிறேன். மேலப்பாளையத்திலும் டவுனிலும் பெண்கள் அரைத்து இட்டுக்கொள்ளும் இலை மருதாணி செம்மஞ்சளில் தொடங்கிச் சிவந்து போகும். அது ஒருநாளும் கருப்பாகாது. அரைமணி நேரத்தில் கரேலென்று பிடிக்கும் கோனிலும், 'ஹெர்பல்' என்று விற்கும் கருப்பு மெஹந்திப் பொடியிலும் பெரும்பாலும் இருப்பது பாரா ஃபினைலீன் டையமீன் என்னும் சாயப் பொருள். கையில் ஒருமுறை கொப்புளம் கண்டவருக்குப் பின்னாளில் ஹேர் டை போடும்போதெல்லாம் முகம் வீங்கும் அளவுக்கு அந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் நிலைத்துவிடக்கூடும். 'அம்மோனியா இல்லாத' ஹேர் டையிலும் இது இருக்கலாம். அம்மோனியாவுக்குப் பதில் எத்தனாலமீன் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. இந்தச் சாயம் உள்ள பொருளில் எச்சரிக்கையும், காதின் பின்புறமோ முன்கையின் உட்புறமோ சிறிது தடவி 24 மணி நேரம் பொறுத்துப் பார்க்கும் சோதனை முறையும் அச்சிட்டிருக்க வேண்டும் என்று நம் விதி கட்டாயப்படுத்துகிறது. அந்தச் சிறிய எழுத்து வரிகள் முகப்பில் உள்ள அத்தனை 'இல்லை'களையும்விட மதிப்புள்ளவை.

பின்புறத்துப் பட்டியலைப் படிக்க வேதியியல் பட்டம் வேண்டியதில்லை. ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ளவை, அளவில் கூடியது முதலாக இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்டவற்றை அவற்றின் பின்னால் எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபினாக்சி எத்தனால் என்னும் காப்புப் பொருளை ஒரு விழுக்காட்டுக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆகவே முகப்பில் படமாக நிற்கும் சோற்றுக்கற்றாழையும் வேப்பிலையும் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பின்னால் வந்தால், அவை நூற்றில் ஒரு பங்குக்கும் மேல் இல்லை என்பது உறுதி. 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று எழுதிய ஷாம்புவில் டி.எம்.டி.எம். ஹைடான்டாயின், இமிடசோலிடினைல் யூரியா, குவாட்டர்னியம் 15 ஆகியவற்றில் ஒன்று இருந்தால், சிறிது சிறிதாக ஃபார்மால்டிஹைடை வெளியிடுவதே அதன் வேலை. 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃபிராக்ரன்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பத்துப் பதினைந்து வாசனைப் பொருள்கள் அடங்கியிருக்கலாம். அவற்றின் பெயர்கள் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. குழந்தைப் பொருளில் நான் முதலில் தவிர்ப்பது, பாராபெனுக்கு முன்பாக, இந்த வாசனையைத்தான்.

இனி அந்தச் சிவப்பழகு க்ரீம். பாதரச உப்புகள் தோலின் நிறமியான மெலனின் உருவாவதைத் தடுக்கும். இரண்டே வாரத்தில் முகம் வெளுத்ததுபோலத் தெரியும். அதனால்தான் அதைச் சேர்க்கிறார்கள். அது தோலின் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தில் தங்கும். மலையைத் தாண்டினால் வரும் கேரளத்தில், மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை கண்ட, சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வைக் கெடுக்கும் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்னும் நோயுள்ள 22 பேரில், 15 பேருக்கு அந்நோயின் ஓர் அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசிவந்தவர்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தத் தொடங்கியது. செங்கோட்டை, புளியறை வழியாக அங்கும் இங்கும் நாள்தோறும் சரக்கும் ஆட்களும் போய்வரும் நம் பக்கத்துக்கு இது அயலூர்ச் செய்தி ஆகாது.

இந்திய விதிப்படி அழகுசாதனப் பொருளில் பாதரசத்தை வேண்டுமென்றே சேர்க்கக் கூடாது. தற்செயலாகக் கலப்பதும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கண்ணருகே பூசுபவற்றில் காப்புப் பொருளாக மட்டும் 70 பங்கு வரை அனுமதி உண்டு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையிலும் இந்தியா 2018-இல் சேர்ந்திருக்கிறது. ஆனால் இந்த விதிகளை மதிக்காதவர் தம் லேபிளில் உண்மையை எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு. தயாரிப்பாளரின் முழு முகவரி இருக்கிறதா, இந்தியப் பொருளானால் உற்பத்தி உரிம எண் இருக்கிறதா, வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதி செய்தவரின் முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டியலில் கலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு, மெர்க்குரிக், மெர்க்குரியோ ஆகிய சொற்களில் எது இருந்தாலும் அது பாதரசமே. 'தங்கம், வெள்ளி, அலுமினிய நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்ற எச்சரிக்கையும் பாதரசத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

நீங்கள் கைக்குழந்தை வைத்திருக்கும் வீட்டில் இந்தக் க்ரீம் இருப்பதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுதவைக்கிறது. பூசியவரின் கையிலிருந்தும் துண்டிலிருந்தும் தலையணை உறையிலிருந்தும் பாதரசம் குழந்தைக்குப் போகும்; ஆவியாகவும் மூச்சில் சேரும். பூசாத குழந்தைகளின் உடலிலும் இப்படிப் பாதரசம் கண்டறியப்பட்டிருக்கிறது. அது தாக்குவது வளர்ந்துவரும் மூளையை. உறவினர் அன்போடு கொடுத்தது என்ற தயக்கத்துக்கு இங்கே இடம் தராதீர்கள்.

லேபிளே இல்லாமல் நம் வீடுகளுக்குள் வருபவை இன்னும் சில உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்துச் செய்த குங்குமம் வேறு. ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் படி அளந்து விற்கும், கண்ணைப் பறிக்கும் செந்தூரம் வேறு. அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கும் இந்தியாவிலும் வாங்கிய செந்தூரப் பொடிகளில் பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்ததைக் காட்டியது. கைக்குழந்தையின் நெற்றியிலோ அதன் கைக்கு எட்டும் இடத்திலோ இந்தச் செந்தூரப் பொடி வேண்டாம்; சுர்மா, கடையில் வாங்கும் கண்மை ஆகியவற்றையும் கண்ணுக்குள் தீட்ட வேண்டாம். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடத்தில் தோல் வெளுத்தால், அதன் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் காரணமாக இருக்கலாம் என்பது தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. வெளுப்பு தெரிந்த அன்றே பொட்டை மாற்றுவது நல்லது.

'கெமிக்கலே கிடையாது அண்ணாச்சி, எல்லாம் மூலிகை' என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். சேராங்கொட்டை மூலிகைதான், அதன் பால் பட்ட இடம் வெந்து கொப்பளிக்கும் என்பது சித்த மருத்துவத்தில் அரிச்சுவடி. அதற்காக வீட்டுப் பொருள்களை நான் குறைத்துப் பேசவில்லை. சுத்தமாகக் காயவைத்து அரைத்த பாசிப்பயற்று மாவும் சீயக்காயும் பெரியவர்களுக்கு நல்ல பொருள்கள்; தண்ணீர் விட்டுக் குழைத்ததை மறுநாளைக்கு வைக்காமல் இருந்தால் போதும். ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு திரிதிரியாகத் திரண்டு தலையில் ஒட்டுகிறது என்று வருந்துபவர்களுக்கு, சல்பேட் உள்ள ஷாம்புவே சோப்பைவிட நன்றாக அலசும். அதனால் தோல் வறண்டு எரியும் என்றால் குறைவாகப் பயன்படுத்தலாம். புற்றுநோய் வரும் என்று அஞ்ச வேண்டாம்.

உங்கள் லோஷனுக்கு வருகிறேன். வாங்கியாகிவிட்டது, பட்டியலில் வாசனைப் பொருளும் மெத்தில் ஐசோதையசோலினோனும் இல்லை என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தீர்ந்த பிறகு, வாசனையற்ற, உரிம எண்ணுள்ள, பாதி விலை லோஷனை வாங்கினாலும் குழந்தைக்குக் குறைவு எதுவும் நேராது. தோல் வறட்சி இல்லாத குழந்தைக்கு எதுவுமே பூசாமலும் இருக்கலாம். பவுடரை மட்டும் முகத்தருகே கொட்டாதீர்கள். அது மூச்சில் போகும்.

அந்தக் க்ரீமை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். குப்பையில் வீசாமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். பூசியவர் பயன்படுத்திய துண்டையும் தலையணை உறையையும் மாற்றுங்கள். சிறுநீர் நுரைத்துப் போனாலோ, கால் முகம் வீங்கினாலோ காத்திருக்காமல், பாளை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், க்ரீம் டப்பாவையும் கொண்டுசென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் பேச்சை நோயாளி தாமாக எடுக்காவிட்டால், க்ரீம் மருத்துவரின் நினைவுக்கே வராமல் போகலாம். உள்ளூர்க் கடையில் வாங்கிய பொருளாக இருந்தால் ரசீதோடும் தொகுதி எண்ணோடும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் திருநெல்வேலி மண்டல அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்; பொருளின் மாதிரியை எடுத்து அரசு ஆய்வகத்துக்கு அனுப்ப மருந்து ஆய்வாளருக்கு அதிகாரம் இருக்கிறது. முகப்பு வாசகம் பொய் என்று தெரிந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது தவறாக வழிநடத்தும் விளம்பரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் அதைப் பதிவுசெய்யலாம்.